கொடும்பாளூர் அம்மா கோலாலம்பூர் ரெயிலில் தனியாகப் போகலாமா?

டிரைவர் இல்லாமல் ஓடும் ரெயில்! எண் தெரிந்தால் வழி தெரியும்!

திருச்சியில் இருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில், விராலிமலையைத் தாண்டியதும் வருவது கொடும்பாளூர். இன்று அது புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகரம். அவர்களில் பூதி விக்கிரமகேசரி என்பவர் கட்டிய மூவர் கோவில் இங்கே இருக்கிறது. மூன்றில் இரண்டு கோவில்கள்தான் இப்போது நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

இந்த ஊரில் ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடம் போனதில்லை. 1991-ம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, மாலை நேர வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டவர். அந்த இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். நம் அம்மாவும் கற்றார்.

அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது கோலாலம்பூரில். பிரசவத்துக்குத் துணையாக அம்மா போகிறார். திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் மலேசியா! அது பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். மகளுக்குச் சூடாக ரசமும் சாதமும் கொண்டுபோக வேண்டும். வீடு ஓர் இடம், ஆஸ்பத்திரி வேறோர் இடம். நடுவே ஊர் பேர் தெரியாத பெரிய நகரம்.

"அம்மா, உனக்குப் பயமா இருந்தா வேண்டாம். அவர் சாயந்திரம் வந்ததும் கூட்டிக்கிட்டு வருவார்" என்கிறாள் மகள், டெலிபோனில்.

"சாயந்திரம் வரைக்கும் நீ பட்டினியா கிடப்பே, தாயி?" என்கிறார் அம்மா.

அம்மா தனியாகப் போகலாமா? போகலாம்! எப்படி என்று பார்ப்போம்.

இலேசான ரெயில்

கோலாலம்பூரில் நகரத்துக்குள் ஓடும் ரெயிலை எல்லோரும் "எல்.ஆர்.டி." என்று சொல்கிறார்கள். அங்குள்ள தமிழர்கள் "இலகு ரெயில்" என்றும் சொல்வார்கள். இலகு என்றால் இலேசானது. பெரிய ரெயிலைவிடப் பெட்டிகள் சிறியவை. எடை குறைவு. கூர்மையான வளைவிலும் திரும்பும். பெரும்பாலும் தூண்களின் மேல் கட்டிய பாலத்தில் ஓடும். சில இடங்களில் பூமிக்கு அடியில் புகுந்து போகும்.

இதற்குப் பாட்டன் முறை உண்டு. அதுதான் டிராம் வண்டி. சென்னைப் பட்டணத்தில் 1895-ம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. தெரு நடுவே தண்டவாளம், தலைக்கு மேலே மின்சாரக் கம்பி. 1953-ம் ஆண்டு அது நின்றுபோயிற்று. டிராம் ஓடியது தெருவில். வழியில் மாடு நின்றாலும் அதுவும் நிற்க வேண்டும். இலகு ரெயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்குத் தனிப் பாதை!

கோலாலம்பூரில் முதல் இலகு ரெயில் 1996-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஓடத் தொடங்கியது. அது அம்பாங் என்ற இடத்துக்குப் போகும் வழி. 1998-ம் ஆண்டில் இரண்டாவது வழி வந்தது. அதன் பெயர் கிளானா ஜெயா வழி. நம் அம்மா முதலில் ஏறப்போவது இந்த இரண்டாவது வழியில்தான்.

டிரைவர் எங்கே?

கிளானா ஜெயா ரெயில் வந்து நிற்கும். கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும், ரெயில் புறப்படும். முன்னால் போய்ப் பார்த்தால் டிரைவரைக் காணோம்! டிரைவர் உட்காரும் அறையும் இல்லை. அந்த இடத்தில் பெரிய கண்ணாடி. குழந்தைகள் அங்கே நின்றுகொண்டு, தாங்களே ரெயிலை ஓட்டுவது போல வேடிக்கை பார்ப்பார்கள்.

இது பூதமும் இல்லை, மாயமும் இல்லை. ஒரு கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எந்த ரெயில் எங்கே போகிறது, எப்போது நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அவை கவனித்துக்கொள்கின்றன. அவற்றை மனிதர்கள் கவனித்துக்கொள்கிறார்கள்.

இந்த ரெயிலின் மோட்டாரும் புதுமையானது. நம் ஊர்க் கிணற்று மோட்டார் உருண்டையாக இருக்கும். உள்ளே ஒரு பாகம் சுற்றும். அந்த மோட்டாரை வெட்டி, பாயை விரிப்பது போல நீளமாக விரித்துவிட்டால் என்ன ஆகும்? சுற்றுவதற்குப் பதில் நேராக ஓடும்! அதைத்தான் இங்கே செய்திருக்கிறார்கள். மோட்டாரின் ஒரு பாதி பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மறு பாதி, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே நீளமாகப் பதித்த உலோகப் பட்டை. மின்சாரம் பாய்ந்ததும் காந்த சக்தி பெட்டியை முன்னால் தள்ளுகிறது. சக்கரங்கள் எடையைத் தாங்கி உருள்கின்றன, அவ்வளவுதான். கனடா நாட்டின் வான்கூவர் நகரில் 1985-ம் ஆண்டில் இதே மாதிரி ரெயில் ஓடத் தொடங்கியது.

டிரைவர் இல்லாத ரெயில் ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021-ம் ஆண்டு மே 24-ந் தேதி இரவு, இந்த வழியின் சுரங்கப் பாதையில் இரண்டு ரெயில்கள் மோதிக்கொண்டன. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். மோதிய இரண்டில் ஒன்று, பயணிகள் இல்லாமல் மனிதர் ஒருவர் கையால் ஓட்டிவந்த ரெயில். இந்த வழி தொடங்கி 23 ஆண்டுகளில் அதுதான் அப்படிப்பட்ட முதல் விபத்து.

ஆகவே, எந்த வண்டியிலும் நம் கவனம் நமக்கு வேண்டும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கதவு மூடும்போது ஓடிப்போய்க் கையையோ பையையோ நீட்டக் கூடாது. ஒரு ரெயில் போனால் சிறிது நேரத்தில் அடுத்த ரெயில் வந்துவிடும். உள்ளே ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வழி சொன்ன மறையவர்

டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை. "ஆஸ்பத்திரி வந்தா சொல்லுங்க தம்பி" என்று யாரிடம் கேட்பது? அம்மாவின் பயமே அதுதான்.

இதற்குப் பதில் கொடும்பாளூரிலேயே இருக்கிறது!

சிலப்பதிகாரக் கதையில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்துபோகிறார்கள். நடுவில் ஒரு மறையவரைச் சந்திக்கிறார்கள். மதுரைக்கு வழி எது என்று கோவலன் கேட்கிறான். மறையவர் கொடும்பாளூரைத்தான் சொல்கிறார். அந்த ஊரின் ஏரிக்கரையை அடைந்தால் அங்கே பாதை சிவபெருமானின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறார். வலது பக்கம் போனால் என்ன வரும், இடது பக்கம் போனால் என்ன வரும், நடுவே போனால் என்ன வரும் என்று ஒவ்வொன்றாக விவரிக்கிறார்.

அவர் கூடவே நடந்து வரவில்லை. பாதை எங்கே பிரியும், எந்தப் பக்கம் எதைப் பார்க்கலாம் என்று சொன்னார், அவ்வளவுதான். வழிப்போக்கனுக்கு அது போதும்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் அந்த மறையவரின் வேலையைச் செய்வது சுவரில் இருக்கும் வழிப் படம். அது மலாய் மொழியிலும் ஆங்கில எழுத்திலும் இருக்கும். தமிழில் இராது. ஆனால் எண்கள் இருக்கின்றன! நம் ஊர் டவுன் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் அதே 1, 2, 3 எண்கள்தான்.

ஏறுமுகமா, இறங்குமுகமா?

அங்கே ஒவ்வொரு ரெயில் வழிக்கும் ஓர் எண் உண்டு. அம்பாங் வழி 3. ஸ்ரீ பெட்டாலிங் வழி 4. கிளானா ஜெயா வழி 5. ஒவ்வொன்றுக்கும் தனி நிறமும் உண்டு.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓர் எண் உண்டு. ஐந்தாம் வழியில் கோம்பாக் ஸ்டேஷன் 1. அடுத்தது 2. அப்படியே எண் ஏறிக்கொண்டே போய், கடைசி ஸ்டேஷனான புத்ரா ஹைட்ஸ் 37.

மகள் வீடு வங்சா மாஜூ என்ற இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்தாம் வழியில் 3-ம் எண் ஸ்டேஷன். ஆஸ்பத்திரி, தித்திவங்சா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். கோலாலம்பூரின் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. தித்திவங்சாவுக்கு ஐந்தாம் வழி போகாது. நடுவில் மஸ்ஜித் ஜமேக் என்ற ஸ்டேஷனில் இறங்கி, வேறு ரெயிலுக்கு மாற வேண்டும்.

முதலில் டிக்கெட். ஸ்டேஷனில் இயந்திரம் இருக்கும். போக வேண்டிய ஸ்டேஷனைத் தொட்டுப் பணம் போட்டால், நீல நிறத்தில் பிளாஸ்டிக் வில்லை ஒன்று விழும். நம் ஊர் வட்டக் காசு போல இருக்கும். உள்ளே போகும்போது அதை வாசல் கருவியின் மேல் வைத்தால் தடுப்புத் திறக்கும். வெளியே வரும்போது துளைக்குள் போட்டுவிட வேண்டும். நடுவில் தொலைத்தால் வம்பு! அதை முந்தானையில் முடிந்துகொள்வது நல்லது. அடிக்கடி போகிறவர்கள் முன்பணம் போட்ட அட்டை வைத்துக்கொள்கிறார்கள். அந்த அட்டையைப் போகும்போதும் வரும்போதும் தொட்டால் போதும்.

அடுத்து, எந்தப் பக்கத்துப் பிளாட்பாரம்? அம்மா ஏறுவது 3-ல். இறங்குவது 13-ல். அப்படியானால் எண் ஏற வேண்டும். ஏறுமுகத்தின் கடைசி ஊர் புத்ரா ஹைட்ஸ். ஆகவே "புத்ரா ஹைட்ஸ்" என்று எழுதிய பக்கம் நிற்க வேண்டும். "கோம்பாக்" என்று எழுதிய பக்கம் நின்றால் எண் இறங்கிவிடும்.

ரெயில் புறப்படுகிறது. 4, 5, 6... வீட்டுக் கூரைகள் காலுக்குக் கீழே போகின்றன. 9-ம் ஸ்டேஷன் வரும்போது ரெயில் பூமிக்குள் புகுந்துவிடுகிறது. 10-ம் ஸ்டேஷனுக்கு மேலேதான் உலகப் புகழ் பெற்ற இரட்டைக் கோபுரம் நிற்கிறது. உயரம் 452 மீட்டர், 88 மாடி. ஆனால் அம்மா சுரங்கத்தில் இருப்பதால் அது கண்ணில் படாது! இன்னொரு நாள் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பத்தாவது நிறுத்தத்தில் 13 வருகிறது. மஸ்ஜித் ஜமேக். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909-ம் ஆண்டு கட்டிய பள்ளிவாசலின் பெயர் அது. கோலாலம்பூர் நகரமே அந்த ஆற்று முனையில்தான் பிறந்தது. "கோலா" என்றால் ஆறுகள் கூடும் இடம், "லும்பூர்" என்றால் சேறு. ஆகவே கோலாலம்பூரின் கடைசியில் இருக்கும் "ஊர்" நம் கொடும்பாளூரின் "ஊர்" இல்லை. காதுக்குத்தான் ஒன்று போலக் கேட்கிறது!

இங்கே அம்மா வாசலுக்கு வெளியே போகக் கூடாது. உள்ளேயே படியேறி மேலே போனால் மற்ற ரெயில் வரும். புதிய டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. இந்த வழியில் மஸ்ஜித் ஜமேக் ஸ்டேஷனின் எண் 7. தித்திவங்சாவின் எண் 3. அப்படியானால் இப்போது எண் இறங்க வேண்டும். இறங்குமுகத்தின் கடைசி ஊர் செந்தூல் தீமோர். அந்தப் பெயர் எழுதிய பக்கம் நின்று, நான்காவது நிறுத்தத்தில் இறங்கினால் தித்திவங்சா. ரசம் ஆறுவதற்குள் மகள் முகத்தைப் பார்த்துவிடலாம்!

ஒரே பெயர், இரண்டு ரெயில்!

திரும்பி வரும்போதுதான் ஒரு பொறி இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் கூடச் சில சமயம் ஏமாறுவார்கள்.

தித்திவங்சாவில் இருந்து மஸ்ஜித் ஜமேக் வருவது சுலபம். அம்பாங் போகும் ரெயிலும் அங்கே நிற்கும், புத்ரா ஹைட்ஸ் போகும் ரெயிலும் அங்கே நிற்கும். எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் அதே ரெயிலில் இன்னும் தூரம் போகிறவர்கள் பார்த்து ஏற வேண்டும். சான் சோவ் லின் என்ற ஸ்டேஷனைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு ரெயில் அம்பாங் பக்கம் போகும். இன்னொன்று புத்ரா ஹைட்ஸ் பக்கம் போகும். ஒரே பிளாட்பாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ரெயில்கள்தான்!

இன்னொன்றையும் கவனித்தீர்களா? நான்காம் வழியின் கடைசி ஊரும் புத்ரா ஹைட்ஸ். ஐந்தாம் வழியின் கடைசி ஊரும் புத்ரா ஹைட்ஸ்! 2016-ம் ஆண்டில் இரண்டு வழிகளையும் நீட்டி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டும் வேறு வேறு பாதையில் சுற்றிக்கொண்டு அங்கே போகின்றன. ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. வழி எண்ணையும் பார்க்க வேண்டும். 4-ஆ, 5-ஆ?

அம்மா வீடு திரும்ப, மஸ்ஜித் ஜமேக்கில் ஐந்தாம் வழிக்கு மாறி, கோம்பாக் பக்கம் ஏற வேண்டும். 13-ல் இருந்து எண் இறங்கி 3-க்கு வரும்.

தவறாக ஏறிவிட்டால்? அழ வேண்டாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப் பக்கத்து ரெயிலில் ஏறித் திரும்பிவிடலாம். வாசலைத் தாண்டாதவரை தண்டனை ஒன்றும் இல்லை. ஸ்டேஷனில் பணியாளர்கள் இருப்பார்கள். பக்கத்தில் தமிழ் முகம் தெரிந்தால் "அண்ணே" என்று கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பிப் பார்ப்பார்.

நாலு மலாய் வார்த்தைகளும் கைகொடுக்கும். "மாசோக்" என்றால் உள்ளே போகும் வழி. "கெலுவார்" என்றால் வெளியே போகும் வழி. "தண்டாஸ்" என்றால் கழிப்பறை. "ஆவாஸ்" என்று எழுதியிருந்தால் ஜாக்கிரதை!

தமிழன் போட்ட தண்டவாளம்

அம்மா அந்நிய நாட்டு ரெயிலில் போகிறோமே என்று கூச வேண்டியதில்லை. மலேசியாவில் முதல் ரெயில் பாதை 1885-ம் ஆண்டு தைப்பிங் என்ற ஊரில் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் காட்டை வெட்டி, மண்ணைச் சுமந்து, தண்டவாளம் போட்ட கூலிக்காரர்களில் தமிழர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் ரெயில்வேயில் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள்.

தித்திவங்சாவுக்கு அடுத்த ஸ்டேஷன் செந்தூல். அங்கே பெரிய ரெயில்வே பட்டறை இருந்தது. அதை நம்பி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பிழைத்தன. ஐந்தாம் வழியில் 15-ம் ஸ்டேஷன் கே.எல். சென்ட்ரல். அதைச் சுற்றியுள்ள பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரெயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் இருந்தன. இன்று அங்கே பூக்கடையும் புடவைக்கடையும் வாழையிலைச் சாப்பாடும் உண்டு.

அதே கே.எல். சென்ட்ரலில் இருந்து பத்துமலை முருகன் கோவிலுக்கும் ரெயில் போகிறது. அது இலகு ரெயில் அல்ல, புறநகர் ரெயில். கோவில் வாசலிலேயே ஸ்டேஷன். 2006-ம் ஆண்டு அமைத்த முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். மேலே போக 272 படிகள். விராலிமலை முருகனைக் கும்பிட்டு வளர்ந்த அம்மாவுக்கு, பேரனைப் பார்த்த கையோடு பத்துமலை முருகனையும் பார்க்கக் கொடுத்துவைக்கும்.

சென்னையிலும் இதே வித்தைதான்

"நாங்கள் எங்கே மலேசியா போகப்போகிறோம்?" என்று கேட்பவர்களுக்கும் இது உதவும். சென்னையில் 2015-ம் ஆண்டு முதல் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. திருச்சியில் இருந்து போகும் பஸ்கள் கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் விமான நிலையம் வந்தால் மெட்ரோ ஏறலாம். சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? நீல வழியில் ஏறுங்கள். கடைசி ஊர் விம்கோ நகர். அந்தப் பெயரைப் பார்த்து ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். பச்சை வழியிலும் சென்ட்ரல் உண்டு, ஆனால் அது கோயம்பேடு சுற்றி வரும். இங்கே பலகையும் அறிவிப்பும் தமிழிலேயே இருக்கின்றன. வெளிநாடு போகிறவர்கள் முதலில் இங்கே ஒரு முறை பழகிக்கொள்வது நல்லது.

வெளியூரில் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்திருக்கும் குடும்பங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். அம்மா வந்த முதல் நாளே, ஒரு தடவை கூட்டிப்போய்க் கூட்டிவாருங்கள். இரண்டாம் தடவை அம்மாவை முன்னால் விட்டு, பின்னால் போங்கள். மூன்றாம் தடவை தனியே விடுங்கள். சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் இப்படித்தானே? பின்னால் பிடித்திருந்த கையை ஒரு நாள் விட்டார்கள், அம்மா ஓட்டிக்கொண்டு போய்விட்டார்!

அதோடு, அம்மா கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். ஊர்ப் பெயர்களை மகள் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்குக் கீழே அம்மா தம் கையால் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். சீட்டு இப்படி இருக்கலாம்:

போகும்போது: 5-ம் வழி. புத்ரா ஹைட்ஸ் பக்கம். 3-ல் ஏறி 13-ல் இறங்கு. அங்கேயே மாறு. செந்தூல் தீமோர் பக்கம். 7-ல் ஏறி 3-ல் இறங்கு.

வரும்போது: 3-ல் ஏறி 7-ல் இறங்கு. அங்கேயே மாறு. 5-ம் வழி. கோம்பாக் பக்கம். 13-ல் ஏறி 3-ல் இறங்கு.

சீட்டின் பின்பக்கம் வீட்டு விலாசமும், மகள், மாப்பிள்ளை டெலிபோன் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கில் வேண்டாம், ஈரம் படும். மணிபர்சில் வைத்துக்கொள்வது நல்லது.